பதினாறுல இருக்கிற அந்த ஒண்ணு எவ்வளவு?

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒருத்தி. அவ முன்னாடி 16 குச்சிய வச்சு எண்ணச் சொன்னேன். கடகடன்னு எண்ணி பதினாறுன்னா, நோட்டுல 16ன்னு அழகா எழுதவும் செஞ்சா. அந்த 6ஐ வட்டம் போட்டு "இது எத்தன குச்சிம்மா, எடுத்துக் காட்டு"ன்னேன், ஆறு குச்சிய தனியா நகர்த்தி வச்சா. சரின்னு அடுத்து அந்த 1ஐ வட்டம் போட்டு "இது எத்தன?"ன்னு கேட்டேன். ஒரே ஒரு குச்சிய எடுத்து வச்சா. அப்போ மிச்சம் கெடக்கிற ஒம்பது குச்சி எங்க போச்சுன்னு கேட்டதுக்கு கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு "அது சும்மா இருக்குக்கா"ன்னு சொன்னா.

இவ்வளவுக்கும் அவ இடமதிப்பு ஒர்க்‌ஷீட்ல ஒரு தப்பு கூட விடாத பொண்ணு. "16ல 1ன் இடம் எது"ன்னு கேட்டா "பத்துகள்"னு எழுதிருவா. நூறு, பத்து, ஒண்ணுன்னு மூணு கட்டம் போட்டுக் குடுத்தா எண்ண வெட்டி வெட்டி கட்டத்துல போட்டுருவா. நானும் ஒரு மாசமா எல்லாருக்கும் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சு முன்னூறு நானூறுன்னு ஓடிட்டு இருந்தேன். அந்த "சும்மா இருக்கு"தான் என்ன நிறுத்துச்சு. பின்னாடி படிச்சப்போ தெரிஞ்சது, இதே பதினாறு கேள்விய அமெரிக்காவுல கான்ஸ்டன்ஸ் கமீங்கிற கல்வி ஆய்வாளர் 1980கள்லயே பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாத்திருக்காங்க, அங்கயும் நெறைய பிள்ளைங்க ஒத்தக் காய எடுத்துதான் காட்டியிருக்கு. ஒங்க வீட்டுல ஆறேழு வயசுல பிள்ள இருந்தா இன்னைக்கே கேட்டுப் பாருங்க, ஒர்க்‌ஷீட் காட்டாதத இந்த ஒரு கேள்வி காட்டிரும்.

நான் கோவில்பட்டி பக்கம். கொரோனா நேரத்துல பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கெடந்து, 2021 நவம்பர்லதான் சின்ன வகுப்புங்கள தொறந்தாங்க இல்லையா, அதே சமயத்துல ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்விங்கிற அரசுத் திட்டத்துல தன்னார்வலரா சேந்தேன். சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும், ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் இருபது பிள்ளைங்க, எங்க வீட்டுத் திண்ணையும் எதிர்த்தாப்புல இருக்கிற வேப்ப மரத்தடியும்தான் கிளாஸ். நான் கணக்குல டிகிரி படிச்சவ கெடையாது, இங்க சொல்றதெல்லாம் அந்தப் பிள்ளைங்க பண்ணுன தப்புங்கள பாத்துப் பாத்து நான் கத்துக்கிட்டதுதான்.

மொதல்ல குச்சி. எங்க ஊர்ப்பக்கம் தீப்பெட்டி வேல இருக்கிறதால மருந்து வைக்காத குச்சி சுலபமா கெடைக்கும். (மருந்து வச்ச குச்சிய பிள்ளைங்க கையில குடுக்கவே கூடாது. குச்சி கெடைக்காதவங்க வெளக்கமாத்துக் குச்சிய ஒடச்சுக்கலாம், புளியங்கொட்டைய பத்துப் பத்தா சின்னக் கவர்ல போட்டுக்கலாம்.) ஆளுக்கு அம்பது குச்சி எண்ணி எடுக்கச் சொன்னேன், பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டச் சொன்னேன், ஆளுக்கு அஞ்சு கட்டு வந்துச்சு. அதுல பத்துக் கட்ட ஒண்ணாச் சேத்து துணி நாடாவால கட்டுனா நூறு, அந்த மாதிரி பத்து நூறையும் ஒரு செருப்பு அட்டப் பெட்டியில அடுக்குனோம். ஆயிரம் குச்சி. ரெண்டு சாயங்காலம் ஆச்சு இதுக்கே, ஆனா அந்தப் பெட்டிய ஒவ்வொருத்தரா தூக்கிப் பாத்தாங்க பாருங்க, ஆயிரம்னா கையில கனமா ஒக்காரும்னு அன்னைக்குத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சது.

இதுல ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருப்பேன். கட்ட பிள்ளைதான் கட்டணும். நாம கட்டி வச்ச கட்ட நீட்டி "இது பத்து"ன்னு சொன்னா அது அவங்களுக்கு ஒரு பொருள்தான், உள்ள பத்து இருக்குன்னு தோணாது. மூணு தடவ எண்ணி, ஒரு குச்சி கொறஞ்சு, அவுத்து, திரும்பக் கட்டுன பிள்ளைக்குத்தான் "ஒரு கட்டும் அதுதான், பத்து குச்சியும் அதுதான்"ங்கிறது உள்ள எறங்குது. ஒரே பொருள ஒரே நேரத்துல ஒண்ணாவும் பத்தாவும் பாக்கணும்ல, பெரியவங்க நமக்கு இது பழகிப் போச்சு, ஆறு வயசுல அது லேசான காரியம் இல்ல.

கட்டு பழகினதும் தாயக்கட்டைய உருட்டி ஒரு ஆட்டம். விழுந்த எண்ணிக்கைக்கு குச்சி எடுக்கணும், கையில பத்து சேந்த ஒடனே கட்டிரணும், கட்டாம வச்சிருந்தா அடுத்த ஆட்டம் கெடையாது, யாருக்கு மொதல்ல நூறுக் கட்டு வருதோ அவங்க ஜெயிச்சாங்க. அப்புறம் அதையே தலைகீழா, நூறுல ஆரம்பிச்சு விழுந்ததை திருப்பிக் குடுத்துக்கிட்டே வரணும், அப்போ நூறுக் கட்டப் பிரிக்கணும், பத்துக் கட்டப் பிரிக்கணும். கழித்தல்ல நாம "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு"ன்னு சொல்றோம்ல, அந்த வார்த்தைய நான் விட்டுட்டேன். ஒரு பையன் கேட்டான், "கடன் வாங்கினா எப்பக்கா திருப்பிக் குடுக்கணும்?" நியாயமான கேள்விதானே. கடனே இல்ல, நம்ம கட்டத்தான் நாமளே பிரிக்கிறோம். அதனால இப்போ "கட்டப் பிரி"ன்னுதான் சொல்றேன், அவங்களும் அப்படியேதான் சொல்றாங்க.

நடுவுல ஒரு பிள்ளையோட அம்மா வந்து "ஏம்மா, இன்னும் குச்சி எண்ணத்தான் சொல்லித் தாரியா, அவன் வயசுப் பிள்ளைங்க பிரைவேட் ஸ்கூல்ல ஆயிரம் வரைக்கும் எழுதுதாம்ல"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல, கவலையா கேட்டாங்க. "எழுதுறது வந்துரும்க்கா, எழுதுன எண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும்ல, ஒரு மாசம் டைம் குடுங்க"ன்னு சொன்னேன். அந்த மாதிரி கேக்குறப்போ மனசு ஆடத்தான் செய்யும், குச்சிய ஓரமா வச்சுட்டு நோட்டுக்கு ஓடணும்னு தோணும். ஓடாதீங்க.

காசு வச்சு சொல்லிக் குடுக்கலாம்லன்னு நெறைய பேரு கேப்பாங்க, நானும் மொதல்ல அதத்தான் பண்ணுனேன். கடைக்குப் போற பிள்ளைங்களுக்கு காசு நல்லாவே தெரியும். ஆனா பத்து ரூவா நோட்டும் நூறு ரூவா நோட்டும் ரெண்டுமே ஒத்தத் தாள்தான், நூறுக்குள்ள பத்து பத்து இருக்குன்னு அந்தத் தாள் காட்டாது. அதுல 20, 50, 200, 500 வேற நடுவுல வந்து பத்துப் பத்தா ஏறுற ஒழுங்கக் கொழப்பும். அதனால குச்சி நல்லா ஊறின பெறகு, வெளையாட்டு நோட்டுல 1, 10, 100 மட்டும் எடுத்துக்கிட்டு, அந்தக் கட்டுக்குப் பதிலா இந்தத் தாள்னு மாத்துனேன், அப்போ அழகா ஒட்டிக்கிச்சு.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். நூத்தி அஞ்சு எழுதச் சொன்னா பாதிப் பிள்ளைங்க 1005ன்னு எழுதுவாங்க. முன்னூத்தி நாப்பத்தஞ்சுன்னா 300405. நானும் ரொம்ப நாளு செவப்புல அடிச்சு பக்கத்துல சரியா எழுதிக் குடுத்துட்டு இருந்தேன், மறுநாளும் அதே தப்பு வரும். ஒரு நாளு அப்படி எழுதுன ஒரு பையன வாய்விட்டு சொல்லிக்கிட்டே எழுதச் சொன்னேன். "நூத்தி"ன்னு சொல்லி 100 எழுதுனான், "அஞ்சு"ன்னு சொல்லி பக்கத்துல 5 எழுதுனான். அவன் காதுல விழுந்தத அப்படியே எழுதியிருக்கான், ஒரு சொல்லக்கூட விடல. இதுல தப்புன்னு நான் எதச் சொல்றது?

அப்போதான் எங்க தாத்தா வீட்டுல பழைய பஞ்சாங்கத்துல பாத்த தமிழ் எண்ணு ஞாபகம் வந்துச்சு. பழைய தமிழ் எழுத்து முறையில பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ன்னு தனித்தனி குறியே உண்டு, பூஜ்ஜியம் தேவையே படல. 2345ஐ ௨௲௩௱௪௰௫ன்னு எழுதுவாங்க, அதாவது ரெண்டு-ஆயிரம், மூணு-நூறு, நாலு-பத்து, அஞ்சு. வாய் எப்படி சொல்லுதோ கை அப்படியே எழுதும். 105ன்னா ௱௫, நூறு, அஞ்சு, அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க, 1005ன்னு எழுதுன பையன் நம்ம முன்னோர் எழுதுன மாதிரிதான் எழுதியிருக்கான். நம்ம பேச்சு இன்னும் அந்தப் பழைய முறையிலயே இருக்கு, எழுத்து மட்டும் இடத்த வச்சு மதிப்பு சொல்ற முறைக்கு மாறிருச்சு, பேசுறதுல இருந்து எழுதுறதுக்கு நடுவுல இருக்கிற அந்த வாய்க்கால பிள்ள தாண்டணும், அதுக்கு ஒரு பலகையப் போட்டுக் குடுக்கிறதுதான் நம்ம வேல. இது புரிஞ்ச அன்னையில இருந்து 1005ஐ நான் செவப்புல அடிக்கிறதே இல்ல.

அந்தப் பலகை என்னன்னா அடுக்கு அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லா தடிமனா இருக்கும், அத வெட்டி செஞ்சேன். 1ல இருந்து 9 வரைக்கும் ஒரு கட்டம் அகலம், 10, 20ன்னு 90 வரைக்கும் ரெண்டு கட்டம், 100ல இருந்து 900 வரைக்கும் மூணு கட்டம், ஆயிரங்களுக்கு நாலு கட்டம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலரு. முன்னூத்தி நாப்பத்தஞ்சுன்னு சொன்னா பிள்ள 300 அட்டை, 40 அட்டை, 5 அட்டை மூணையும் தேடி எடுக்கும், வலது ஓரம் ஒண்ணாச் சேர்ற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வைக்கும். 40 வந்து 300ஓட ரெண்டு பூஜ்ஜியத்து மேல ஒக்காரும், 5 வந்து 40ஓட பூஜ்ஜியத்து மேல ஒக்காரும். மேல இருந்து பாத்தா 345. திரும்ப உருவுனா 300, 40, 5. அந்தப் பையன் 100 அட்டைய வச்சு 5ஐ அதோட கடைசி பூஜ்ஜியத்து மேல வச்சான், 105ன்னு தெரிஞ்சது, அட்டையத் தூக்குனான், வச்சான், தூக்குனான், ஒரு பத்து தடவ அதையே பண்ணிட்டு "பூஜ்ஜியம் அடியில ஒளிஞ்சிருக்குக்கா"ன்னான். நான் ஒண்ணுமே வெளக்கல. அட்ட செய்யிறப்போ கட்டம் மட்டும் சரியா அளந்து வெட்டுங்க, அகலம் மாறிருச்சுன்னா மொத்தமும் வீண்.

பூஜ்ஜியத்தப் பத்தி பேசுறப்போ என் தப்பையும் சொல்லணும். ஆரம்பத்துல "பூஜ்ஜியத்துக்கு மதிப்பே கெடையாது"ன்னு சொல்லி வச்சிருந்தேன், மதிப்பு இல்லாதத எதுக்கு எழுதணும்னு ஒரு பொண்ணு 305ஐ 35ன்னு எழுதுனா. நான் சொன்னத நம்பித்தான் எழுதியிருக்கா. இப்போ வீடு கதை சொல்றேன். மூணு வீடு வரிசையா இருக்கு, நடு வீட்டுல ஆளு இல்ல, பூட்டிக் கெடக்கு, அதுக்காக வீட்ட இடிச்சுட்டு ஓரத்து வீட்ட நகர்த்த முடியுமா? பூட்டுதான் பூஜ்ஜியம். கூடவே குச்சியும் வச்சுக் காட்டணும், மூணு நூறுக் கட்டு, நடுவுல காலி, அஞ்சு ஒத்தக் குச்சி.

அப்புறம் இந்த ஒம்பது. தமிழ்ல சொல்லிக் குடுக்கிறவங்க இத கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும். இருபது, முப்பதுன்னு எம்பது வரைக்கும் "பது"ல முடியுது, 90 மட்டும் தொண்ணூறு, வாலுல நூறு இருக்கு. இருநூறு, முன்னூறுன்னு எண்ணூறு வரைக்கும் "நூறு"ல முடியுது, 900 மட்டும் தொள்ளாயிரம், வாலுல ஆயிரம் இருக்கு. ஒம்பதே "பது"ல முடியுதே, பாருங்க. ஒம்பது குடும்பமே அடுத்த வீட்டுப் பேர வச்சுக்கிட்டு இருக்கு. அதனால தொண்ணூறுன்னு சொன்னா 900ன்னு எழுதுற பிள்ளையும், தொள்ளாயிரத்தி அஞ்சுன்னா 9005ன்னு எழுதுற பிள்ளையும் காது கூர்மையா இருக்கிற பிள்ளைங்க. நான் இத மறைக்காம நேராவே சொல்லிட்டேன், "இந்த ஒம்பது மட்டும் பேருல ஏமாத்தும், எம்பதுக்கு அடுத்தது எது, எண்ணூறுக்கு அடுத்தது எதுன்னு வரிசையில பாருங்க"ன்னு. கட்ட வரிசையா அடுக்கி எம்பது, தொண்ணூறு, நூறுன்னு தொட்டுத் தொட்டு சொன்னா நாலு நாள்ல சரியாயிரும். இங்கிலீஷ் மீடியத்துல படிக்கிற பிள்ளைங்களுக்கு வேற மாதிரி தகராறு, ஃபோர்ட்டீன்ல நாலு முன்னாடி கேக்குறதால 41ன்னு எழுதுவாங்க. அவங்ககிட்ட நான் "பதினாலு, பத்தும் நாலும்"னு தமிழ்ல ஒரு தடவ சொல்லச் சொல்வேன், எது மொதல்ல வரும்னு அவங்களே புடிச்சுக்குவாங்க.

இருபத்தி ஒம்பதுக்கு அப்புறம் "இருபத்தி பத்து"ன்னு சொல்ற பிள்ளைய திட்டாதீங்க, அது சரியான கணக்கு. "ஆமா, இருபத்தி பத்து, அந்தப் பத்தக் கட்டு, இப்போ எத்தன கட்டு?"ன்னு கேளுங்க, முப்பதுன்னு அதுவே சொல்லும்.

நாலாவது அஞ்சாவது பிள்ளைங்களுக்கு திருக்குறள் கைகுடுத்துச்சு. 133 அதிகாரம், அதிகாரத்துக்கு 10 குறள், மொத்தம் 1330, இது எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடமாத் தெரியும். "1330ல எத்தன பத்து இருக்கு?"ன்னு கேட்டேன், எல்லாரும் ஒரே குரல்ல "மூணு". பத்தாம் இடத்துல 3 இருக்குல்ல, அதனால. "அப்போ அதிகாரம் மூணுதானா?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் ஒருத்தன் "நூத்தி முப்பத்தி மூணு பத்துக்கா"ன்னு கத்துனான். பத்தாம் இடத்துல நிக்கிற எலக்கம் வேற, எண்ணுக்குள்ள மொத்தம் எத்தன பத்து இருக்குங்கிறது வேற, இந்த ரெண்டையும் பிரிக்க இதவிட நல்ல எண்ணு எனக்குக் கெடைக்கல. அங்க இருந்து இன்னொண்ணு புடிச்சோம். 392ஆவது குறள் எந்த அதிகாரத்துல இருக்கும், புத்தகத்தத் தொறக்காம சொல்லுங்க. 39 பத்து முழுசா முடிஞ்சிருச்சு, அப்போ 40ஆவது அதிகாரத்துல ரெண்டாவது குறள். தொறந்து பாத்தா கல்வி அதிகாரம், எண்ணும் எழுத்தும் கண்ணுன்னு சொல்ற குறளே அதுதான். அன்னைக்கு ஏழு மணிக்கு மேலயும் யாரும் வீட்டுக்குப் போகல, ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லி அதிகாரம் கண்டுபிடிச்சுட்டு இருந்தாங்க. (390 மாதிரி பூஜ்ஜியத்துல முடியிறத மட்டும் கவனிக்கணும், அது 39ஆவது அதிகாரத்தோட கடைசி குறள். அதையும் பிள்ளைங்கதான் கண்டுபுடிச்சு என்ன திருத்துனாங்க.)

பெரிய எண்ணு வாசிக்கிறதுக்கு வருவோம். லட்சம், கோடின்னா பயந்து போயிருவாங்க. ஆனா 999 வரைக்கும் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு கோடி வரைக்கும் புதுசா ஒண்ணும் இல்ல, நம்ம கமா முறைதான் காரணம். வலது பக்கத்துல இருந்து மொதல்ல மூணு எலக்கம், அப்புறம் ரெண்டு ரெண்டா. கமா பிரிக்கிற ஒவ்வொண்ணும் ஒரு அறை, அதுல ஆயிரத்துல இருந்து மேல இருக்கிற ஒவ்வொரு அறையிலயும் 99க்கு மேல ஆளே இருக்க முடியாது, அந்த ரெண்டு எலக்கத்த சாதாரணமா வாசிச்சுட்டு அறையோட பேரச் சொன்னாப் போதும். மத்த அறைய கையால மூடிட்டு ஒண்ணொண்ணா தொறந்து வாசிக்கச் சொல்வேன்.

எழுதுறப்போ இதத் திருப்பிப் பண்ணணும். மூணு லட்சத்து நாலாயிரத்து ஆறுன்னு சொன்னா ஒடனே எழுத விடாதீங்க. மொதல்ல கோடு போடணும், லட்சத்துக்கு ஒண்ணு, கமா, ஆயிரத்துக்கு ரெண்டு, கமா, கடைசியா மூணு. அப்புறம் சொன்னத அந்தந்த அறையில வலது ஓரமா எழுதி, காலியா நிக்கிற கோட்டுல பூஜ்ஜியம். 3,04,006 வந்துரும். இந்தக் கோடு போடுற பழக்கம் வர்றதுக்கு முன்னாடி 346ல இருந்து 30000040006 வரைக்கும் எல்லா விதமாவும் எழுதியிருக்காங்க. இன்னொண்ணு, யூடியூப்ல ஒரு மில்லியன் வியூஸ்னு பாத்துட்டு வந்து கேப்பாங்க, அங்க கமா மூணு மூணா போடுவாங்க, ஒரு மில்லியன் நம்ம பத்து லட்சம்னு அஞ்சாங்கிளாஸ்ல சொல்லிரலாம், அதுக்கு முன்னாடி வேண்டாம், ரெண்டும் கலந்துரும்.

எந்த எண்ண வாசிக்கணும், எத வாசிக்கக் கூடாதுங்கிறதும் ஒரு பாடம். எங்க பின்கோடு 628501, அத ஆறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணுன்னு வாசிச்சாங்க, வாசிக்க முடியும்தான், ஆனா அது எதையும் எண்ணுன எண்ணு இல்ல, தபால் போக வேண்டிய எடத்தக் காட்டுற அடையாளம். போன் நம்பரும் பஸ் நம்பரும் அப்படித்தான். ஈபி மீட்டர் ரீடிங், பைக்கோட கிலோமீட்டர், இதெல்லாம் எண்ணுன எண்ணு. பைக் மீட்டர்ல 9 வந்து 0 ஆகுறப்போ பக்கத்து எலக்கம் ஒண்ணு கூடுறத யாராவது அப்பா வண்டியில காட்டுனா, கட்டு கட்டுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு பிள்ளையே சொல்லும்.

2022 கடைசியில ஒரு நாள் சாக்பீஸால தரையில 2011 சென்சஸ் படி தமிழ்நாட்டு ஜனத்தொகைய எழுதிப் போட்டேன், கமா இல்லாம, 72147030. அஞ்சாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வலது பக்கத்துல இருந்து கமா போட்டுட்டு வந்தான், கையால மூடி மூடி வாசிச்சான், ஏழு கோடியே இருபத்தோரு லட்சத்து நாப்பத்தேழாயிரத்து... நின்னான், அந்த 030ல நூறோட வீடு பூட்டியிருக்குன்னு பாத்து, முப்பதுன்னு முடிச்சான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கூல் மூடுனப்போ அவன் மூணாங்கிளாஸ் போகவே இல்ல. அப்புறம் கேட்டான், "இதுல நாங்களும் இருக்கமாக்கா?" இல்லடா, அப்போ நீங்க யாருமே பொறக்கலன்னு சொன்னேன். அவன் சாக்பீஸ வாங்கி கடைசி பூஜ்ஜியத்த அழிச்சு 1 போட்டான். ஒடனே மத்ததுங்க எல்லாம் என்னையும் சேரு என்னையும் சேருன்னு கத்த ஆரம்பிச்சுருச்சு, அந்த ரெண்டாங்கிளாஸ் பொண்ணு (அப்போ மூணாவது) "இருபது பேருடா, ரெண்டு கட்டு, அந்த 1ஐ திரும்ப 0 ஆக்கு, 3ஐ அழிச்சு 5 போடு"ன்னா. 7,21,47,050.